ட்ரெய்லர் மேல் குட்டி வீடு: பணத்தை எதில் போடலாம்?

மூன்றாம் ஆண்டு சிவில்:
ப்ராஜெக்டுக்காக நாங்களே வரைந்து நாங்களே கட்டும் வீடு. 20 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரம். படுக்க மேலே ஒரு பரண். பாதிப் பணத்தை சோலாரிலும் பேட்டரியிலும் போட்டுவிடலாம் என்கிறார்கள் எலக்ட்ரிக்கல் பசங்க. எனக்கு மனசு ஒப்பவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பட்டறை வாத்தியார்:
சோலாரைக் கடைசியில் வையுங்கள். சுவர், கூரை, அடிப்பக்கம் எல்லாம் சேர்த்து உங்கள் வீட்டுக்கு 880 சதுர அடி வெளிப்பரப்பு, தரையோ 160தான். ஐந்தரை மடங்கு! அதே உயரத்தில் 40க்கு 30 அடி வீடு என்றால் மூன்று மடங்கு சொச்சம்தான் வரும். சூடு உள்ளே வரவும் வெளியே போகவும் உங்களுக்குத்தான் வழி அதிகம். அதை அடைத்துவிட்டால் பேனலும் பேட்டரியும் தானாகச் சின்னதாகிவிடும், ட்ரெய்லருக்கும் கனம் குறையும்.

மாணவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது தரையில். ட்ரெய்லர் சட்டம் இரும்பு. மரத்தைவிட 300 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். சட்டங்களுக்கு நடுவில் மட்டும் சூட்டைத் தடுக்கும் ஃபோம் வைத்தால் போதாது. இரும்புக்கு மேலேயும் ஒரு அடுக்கு விடாமல் ஓட வேண்டும்.

பரண்வாசி:
வாத்தியார் சொன்னது சரி, ஆனால் நன்றாக அடைத்த வீட்டில் ஈரம் எங்கே போகும்? இரண்டு பேர் தூங்கினால் ஒரு ராத்திரியில் சுமார் அரை லிட்டர் தண்ணீர் ஆவியாக உடம்பிலிருந்து வெளியேறும். குளிர்காலத்தில் என் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் ஈரமாக இருக்கும், ஓரத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம். பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்ட சட்டம் போட்ட பிறகுதான் நின்றது. வெளியே போகும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் வென்டிலேட்டர் ஒன்றுக்குக் கட்டாயம் பணம் ஒதுக்குங்கள். பரணில் திறக்கிற ஜன்னலும் வேண்டும், சூடெல்லாம் அங்கேதான் வந்து தேங்கும்.

மூன்றாம் ஆண்டு சிவில்:
நன்றி. சரியாக அடைத்திருக்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சோதிக்கும் கருவி எங்களிடம் இல்லை.

பட்டறை வாத்தியார்:
ஊதுவத்தி போதும். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு சமையல் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்கள். ஜன்னல் சட்டம், வயர் நுழையும் ஓட்டை, சுவரும் தரையும் சேரும் மூலை என்று ஒவ்வொரு இடமாக வத்தியைக் காட்டுங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே ஓட்டை. உள்பலகை அடிப்பதற்கு முன்னால் செய்யுங்கள். அப்புறம் பார்த்தால் பிரித்துத்தான் அடைக்க வேண்டும். எலக்ட்ரிக்கல் பசங்களையும் கூப்பிடுங்கள், பாதி ஓட்டை அவர்கள் போட்டதாகத்தான் இருக்கும்.