பிக்கப் வண்டியின் ‘பெட்’ தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் தேவை

குன்னூர், கையேட்டுக் குழு:

அனைவருக்கும் வணக்கம். ஐடிஐ மாணவர்களுக்கான வாகன உடற்பகுதிப் பழுதுநீக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய பிக்கப்பில் துருப்பிடித்த பின்பாகத்தைக் கழற்றிச் சீரமைக்கும் பாடத்தில் நான்கு சொற்கள் இன்னும் முடிவாகவில்லை: பெட் (சரக்கு ஏற்றும் பின்பகுதி), கிராஸ் சில் (அதன் அடியில் குறுக்கே ஓடும் சேனல்), ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவின் மேல் தடவி அதை மாற்றும் மருந்து), சீம் சீலர் (தகடுகள் சேரும் இடுக்கை அடைக்கும் பூச்சு). முதல் வரைவில் பெட்டுக்குப் ‘படுகை’ என்று போட்டிருக்கிறார்கள். “படுகையை நான்கு பேர் பிடித்துத் தூக்கவும்” என்று வருகிறது. காவிரிப் படுகையை யார் தூக்குவது? வேறு சொல் தாருங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

புதிதாகப் படைக்க வேண்டியதில்லை, சொல் நம்மிடமே இருக்கிறது. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் உமணர் (உப்பு வணிகர்) வண்டியைச் சொல்லுமிடத்தில் “எழூஉப் புணர்ந்தன்ன பரூஉக்கை நோன்பார்” என வருகிறது. கணையமரங்களைச் சேர்த்து வைத்தாற்போன்ற பருத்த கைகளையுடைய வலிய பார். சுமையைத் தாங்கும் வண்டியின் பரப்பு அது. பர, பரவு, பரப்பு, பார் எல்லாம் ஒரே வேர். அடுத்த அடியே “மாரிக் குன்றம் மழைசுமந் தன்ன” என்கிறது. நீலகிரிக்கென்றே எழுதியதுபோல் இல்லையா? ‘சரக்குப்பார்’ என்று வைக்கலாம். பாரம் என்பதும் இதிலிருந்து கிளைத்ததே.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

> பாரம் என்பதும் இதிலிருந்து கிளைத்ததே

ஐயா, பார் சரி. பாரம் வடசொல். ஓசை ஒத்துப்போவதாலேயே உறவு சொல்லிவிட முடியாது. அது ஒருபுறம் இருக்கட்டும், “பாரைக் கழற்றி இறக்கவும்” என்று படிக்கிற பத்தொன்பது வயதுப் பையனுக்கு முதலில் கடப்பாரை நினைவுக்கு வரும், அடுத்து வருவதை நான் எழுத வேண்டியதில்லை.

கூடலூர், பட்டறை:

ஐயா தப்பா எடுத்துக்காதீங்க. பட்டறையில யாரும் பெட்னு சொல்றதில்லை, பார்னும் சொல்றதில்லை. ‘பாடி’தான். நாமக்கல்லுல லாரிக்கும் கரூர்ல பஸ்ஸுக்கும் பாடி கட்டுறாங்க, தமிழ்நாடு முழுக்க அந்தச் சொல் ஓடுது. ஆனா பிரச்சினை வேற. நீங்க ஒரு சொல் தேடுறீங்க, பொருள் மூணு இருக்கு. மேல தகடு. அதுக்கு அடியில குறுக்க ஓடுற சேனல். சுத்தி நிக்கிற பக்கப்பலகையும் பின்கதவும். மூணுக்கும் ஒரே பேர் வெச்சா பையன் எதை வெட்டணும்னு எப்படித் தெரிஞ்சுக்குவான்?

துரு ஆரம்பிக்கிறது தகடோட நடுவுல இல்லை. தகடு குறுக்குச் சேனல் மேல உக்கார்ற இடுக்குலதான். கழுவின கேரட் மூட்டை வழி முழுக்கச் சொட்டும், உரமூட்டை கிழிஞ்சு பொட்டாஷ் சிந்தும். பொட்டாஷ்ல குளோரைடு இருக்கு, ஈரத்தோட அந்த இடுக்குல புகுந்தா வெளிய வராது. மேல பெயின்ட் பளபளன்னு இருக்கும். அடியில படுத்து சின்னச் சுத்தியலால தட்டிப் பாக்கணும். கணீர்னு கேட்டா இரும்பு இருக்கு, பொத்துனு கேட்டா செதில்தான் மிச்சம். பின்கதவுக் கீல் மாட்டியிருக்கிற கடைசிச் சேனல்தான் முதல்ல போகும். மேட்டுல ஏறும்போது சரக்கு பின்னாடி சாயும், தண்ணியும் அங்கதான் வடியும். சேனல் போன வண்டிக்கு மேல புதுத் தகடு அடிக்கிறது வெட்டி வேலை, ஒரே மழைக்காலத்துல தொங்கிரும்.

கோவை, வடிவமைப்புப் பொறியாளர்:

பட்டறை நண்பர் சொல்வது சரி. என் முன்மொழிவு: முழுதுக்கும் ‘சரக்குத்தட்டு’, மேல்தகடு ‘தளத்தகடு’, குறுக்குச் சேனல் ‘அடிவிட்டம்’. வீட்டுக் கூரையில் பளுவைத் தாங்குவது விட்டம்; இங்கும் அதே வேலைதான்.

கையேட்டில் தகட்டின் கனத்தையும் எழுதுங்கள். சொல்லைவிட அதில் பிழை அதிகம் நடக்கிறது. எட்டரை அடிக்கு ஐந்தரை அடித் தளம் என்றால் ஏறக்குறைய 4.3 சதுர மீட்டர். 2 மி.மீ. தகடு 68 கிலோ வரும். ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று 3 மி.மீ. செக்கர் தகடு (வழுக்காதபடி மேலே புடைப்புள்ளது) போட்டால் 110 கிலோவைத் தொடும். பக்கங்களையும் அப்படியே கனமாக்கினால் வெற்று எடை ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) இருப்பதோடு ஒத்துப்போகாது. உருவம், அளவு, எடை மாறும்படி திருத்துவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் (1988) 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். பழைய கனத்திலேயே, பழைய அளவிலேயே மாற்றுவதுதான் வம்பில்லாதது.

கோத்தகிரி, தாயகம் திரும்பிய குடும்பம்:

எங்கள் வீட்டில் ‘துரு’ என்ற சொல்லே இல்லை. கறள். கத்தியில் கறள், தகரத்தில் கறள். இலங்கையில் எல்லோருக்கும் புரிகிற நல்ல தமிழ்ச்சொல். ரஸ்ட் கன்வெர்ட்டருக்குக் ‘கறள்மாற்றி’ என்று ஏன் வைக்கக்கூடாது? இந்த மலையிலும் பந்தலூர்ப் பக்கமும் இலங்கையிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் பேரா இருக்கிறோம்?

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கறள் அருமையான சொல். கறை, கறு, கறள் என்று வரிசை வைத்துப் பாருங்கள். கறுப்பாக மாற்றும் மருந்துக்கு அந்த வேர் இன்னும் பொருந்தும். நம் முன்னோர் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கலந்து மை செய்தார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. ‘கறுக்கி’ என்று சுருக்கமாகவே வைக்கலாம்.

வண்டியைப் பேசும்போதே இன்னொன்று. புறநானூற்றில் ஔவையார் “அவல் இழியினும் மிசை ஏறினும்” என்ன ஆகுமோ என்று உமணர் கீழ்மரத்தில் கட்டி வைத்த ‘சேமஅச்சு’ (மாற்று அச்சு) பற்றிச் சொல்கிறார். ஸ்டெப்னிக்குச் ‘சேமச்சக்கரம்’ என்று கையேட்டில் சேர்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

ஸ்டெப்னி இந்தப் பாடத்திலேயே இல்லை ஐயா.

கூடலூர், பட்டறை:

கறள்மாற்றி, துருமாற்றி எது வெச்சாலும் சரி. ‘துருக்கொல்லி’னு மட்டும் வேண்டாம், வரைவுல ஒரு பக்கத்துல அப்படி வந்திருக்கு. அது எதையும் கொல்றதில்லை. பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது துருவை இரும்புப் பாஸ்பேட்டா மாத்துது, டானிக் அமிலம் இருக்கிறது கடுக்காய் மை மாதிரியே கறுப்பாக்குது. மேல உள்ள மெல்லிய துரு மட்டும்தான் மாறும். செதிலைக் கம்பி பிரஷ் போட்டு எடுக்காம அப்படியே தடவினா, மேல கறுப்புத் தோல், உள்ள பழைய துரு. பையன் வேலை முடிஞ்சதுனு நெனைச்சுப் பெயின்ட் அடிப்பான், ஆறு மாசத்துல தோலோட உரிஞ்சு வரும். ஓட்டை விழுந்த இடத்துக்கு மருந்தே கிடையாது, வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

கழற்றுற வரிசையும் வரைவுல தலைகீழா இருக்கு. முதல்ல பேட்டரி நெகட்டிவ். அப்புறம் பின்விளக்கு வயர், டீசல் ஊத்துற குழாயோட கழுத்து. இதை விட்டுட்டுத் தூக்கினா குழாய் கிழியும். போல்ட்டுக்கு முந்தின நாளே துரு இளக்குற எண்ணெய் விடணும். சுத்துனா கூடவே சுத்துற போல்ட்டைக் கிரைண்டர்ல அறுக்கலாம், ஆனா சேஸிஸ் (வண்டியோட அடிச்சட்டம்) ஓரமா பிரேக் பைப்பும் டீசல் பைப்பும் ஓடுது, பொறி விழாம மறைச்சுட்டு அறுக்கணும். சேஸிஸோட மேல், கீழ் விளிம்புல புதுசா துளை போடவே கூடாது, விரிசல் அங்கிருந்துதான் ஓடும். பழைய துளையிலயே மாட்டணும்.

கோவை, வடிவமைப்புப் பொறியாளர்:

வெல்டிங் பற்றியும் இரண்டு வரி சேர்க்க வேண்டும். அடிவிட்டங்களைச் சட்டமாக அடுக்கியதும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்கவும், 3 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் பின்கதவு சேராது. தகட்டை நடுவிலிருந்து இரு பக்கமும், ஆறு அங்குலத்துக்கு ஒரு அங்குலம் என்று விட்டு விட்டுப் பற்றவைக்கவும். ஒரே கோடாக இழுத்தால் தகடு அலையலையாக எழும், மேட்டுக்கு நடுவே தண்ணீர் தேங்கும். தகடும் விட்டமும் ஒட்டும் முகங்களில் துத்தநாகப் பிரைமர் முன்பே பூச வேண்டும், பிறகு அங்கே பிரஷ் போகாது. கால்வனைஸ் தகடு போடுபவர்கள் பற்றவைக்கும் விளிம்பில் ஓர் அங்குலம் துத்தநாகத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும், பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

குன்னூர், கையேட்டுக் குழு:

பயனுள்ள விவாதம், ஆனால் சீம் சீலரைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

‘மூட்டுப்பூச்சு’ வேண்டாம், முழங்கால் தைலம்போல் இருக்கிறது. ‘இடுக்கடைப்பான்’?

கூடலூர், பட்டறை:

இடுக்கடைப்பான் நல்லாருக்கு, கடையில ‘சீலன்ட்’னு கேட்டாத்தான் குடுப்பாங்க. பக்கத்துல அதையும் போடுங்க. பெயின்டுக்கு ஊட்டிக் கணக்கு ஒண்ணு எழுதுங்க: காலையில பனி இறங்கின இரும்பு, காத்தைவிடச் சில்லுனு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிஞ்சிருக்கும். தகட்டோட வெப்பம், பனி படியுற வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலா இருக்கணும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினா அன்னிக்கு பிரஷ்ஷைத் தொடக்கூடாது. அவசரத்துக்கு அடிச்சா பொரிப்பொரியா எழும்பும்.

குன்னூர், கையேட்டுக் குழு:

நேரமாகிவிட்டதால் பெரும்பான்மைப்படி: முழுதுக்கும் ‘சரக்குப்பாடி’ (‘பாடி’க்குப் பதில் வேறு சொல் தந்தவர் இருவர்தான்), தளத்தகடு, அடிவிட்டம், துருமாற்றி, இடுக்கடைப்பான். ‘கறள்’ சொல்லடைவில் துருவுக்கு இணையாக வரும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘பாடி’ என்றால் ஊர், சேரி, படைவீடு. அதை வண்டிமேல் ஏற்றிவிட்டீர்கள். என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். அடிக்குறிப்பிலாவது ‘பார்’ இடம்பெறட்டும்.

கோத்தகிரி, தாயகம் திரும்பிய குடும்பம்:

சொல்லடைவோடு நிறுத்தாமல் பாடத்திலும் ஓரிடத்தில் கறள் வரட்டும். தேடிப் போய்ப் பார்க்க மாணவர்களுக்குப் பொறுமை இருக்காது.

கூடலூர், பட்டறை:

அடிக்குறிப்பு போடுங்க, யாருக்கும் நட்டமில்லை. வரைவுல இருக்கிற படம் மட்டும் திருத்தணும். வடிதுளை பின்னாடி மட்டும் காட்டியிருக்கு. வண்டியை மேட்டைப் பாத்து நிறுத்தினா பின்னாடி வடியும், இறக்கத்தைப் பாத்து நிறுத்தினா முன்மூலையில தேங்கும். நாலு மூலையிலயும் 12 மி.மீ. துளை வேணும், துளையோட வெட்டு முகத்துலயும் பிரைமர். சேஸிஸுக்கும் அடிவிட்டத்துக்கும் நடுவுல மரக்கட்டை காட்டியிருக்கீங்க, அது தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கும். கன்வேயர் பெல்ட் துண்டுனு மாத்துங்க.