‘தென்காசி வீடு’ குழு: மீனாவின் படிப்பு

ஞாயிற்றுக்கிழமை

[காலை 6:40] அத்தை: (படம்) இன்றைய வாசல் கோலம். ஆச்சி போட்டது. 5 புள்ளி, 7 வரிசை, நேர்ப்புள்ளி.

[காலை 7:12] மீனா அம்மா: மீனாவுக்குச் சென்னை கணிதவியல் கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. நேற்று இரவு மின்னஞ்சல் வந்தது. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்ஸி. ஆனர்ஸ், மூன்று ஆண்டு. மே மாதம் நுழைவுத் தேர்வு எழுதினாளே, அதுதான். சேர்வதா வேண்டாமா என்று இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும்.

[காலை 7:15] அத்தை: வாழ்த்துகள் மீனா! ஆச்சியிடம் சொல்லிவிட்டேன். ‘எம் பேத்தி’ என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

[காலை 7:20] பெரியம்மா: ரொம்ப மகிழ்ச்சி கண்ணே. நன்றாக இரு.

[காலை 7:34] பெரியப்பா: எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், யாரும் தவறாக நினைக்க வேண்டாம். கட்-ஆஃப் 196 வைத்திருக்கிற பிள்ளை. கலந்தாய்வுக்குப் போனால் கணினிப் பொறியியலே கிடைக்கும். அதை விட்டுவிட்டு பி.எஸ்ஸி. எதற்கு? நானும் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன்தான். 1979-ல் முதல் வகுப்பில் தேறினேன். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு மூன்று வருடம் வேலை தேடி அலைந்தேன். என் பிள்ளைகள் யாரும் அந்த அலைச்சலைப் படக் கூடாது.

[காலை 7:36] மீனா அப்பா: எனக்கும் அதே குழப்பம்தான் அண்ணாச்சி. இரவெல்லாம் தூக்கம் இல்லை.

[காலை 7:41] பெரியப்பா: இன்னொன்று. இந்தப் பட்டம் செல்லுமா? பல்கலைக்கழகம் எது?

[காலை 8:05] வள்ளி: பெரியப்பா, வணக்கம். மீனா, மனமார்ந்த வாழ்த்துகள். கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில். பட்டம் செல்லும். 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி வந்துவிட்டது. அதற்கு முன்பு போபாலில் உள்ள போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் பட்டம் கொடுத்தார்கள். நான் 2010-ல் அங்கே இதே படிப்பில் சேர்ந்தபோது அந்தச் சிக்கல் இல்லை.

[காலை 8:11] வள்ளி: அந்த இடத்தைக் கட்டியவர் கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி. காஞ்சிபுரத்தில் பிறந்தவர், சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர். எம்.எஸ். நரசிம்மனுடன் சேர்ந்து 1965-ல் அவர் நிறுவிய தேற்றம் உலகமெங்கும் இருவர் பெயராலேயே வழங்குகிறது. 1989-ல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஒரு பிரிவாகத் தியாகராய நகரில் தொடங்கினார். ஆராய்ச்சி செய்கிறவர்களே இளநிலை மாணவர்களுக்கும் பாடம் நடத்த வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1998-ல் இந்த பி.எஸ்ஸி. தொடங்கியது. 2005-ல் சிறுசேரிக்கு இடம் மாறினார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் கேளம்பாக்கம் போகும் வழியில், சிப்காட் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் பெரிய பெரிய மென்பொருள் நிறுவனங்கள், நடுவில் சின்ன வளாகம்.

[காலை 8:14] பெரியப்பா: சரி அம்மா. இடம் நல்ல இடம் என்று தெரிகிறது. ஆனால் படிப்பு? நாங்கள் படித்த வகை நுண்கணிதம், வடிவியல், இவற்றைத்தானே படிப்பாள்?

[காலை 8:26] வள்ளி: பெயர்கள் அவைதான் பெரியப்பா, படிக்கும் விதம் வேறு. என் முதல் மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைப் (மீ.பொ.வ., இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண்) பற்றி ஒரு வீட்டுப்பாடம். மூன்று பக்கம் எழுதினேன். பள்ளியில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள், எழுதும்போது கை தயங்கவே இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் ‘இது வெளிப்படை’ என்று எழுதியிருந்தேன். தாள் திரும்பி வந்தபோது அந்தச் சொல்லின் கீழே பென்சிலால் மெல்லிய கோடு. ஓரத்தில் ஒரே ஒரு சொல்: ‘யாருக்கு?’

[காலை 8:28] வள்ளி: விடுதி அறையில் இரவு இரண்டு மணி வரை அந்த ஒரு வரியை நிறுவப் பார்த்தேன். முடியவில்லை. மறுநாள் மதியம்தான் புரிந்தது, நான் வெளிப்படை என்று எழுதியது பொய். 4-ஐயும் 6-ஐயும் போட்டுப் பார்த்தாலே உடைந்துவிடுகிறது. நான் போட்டுப் பார்க்கவே இல்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

[காலை 8:33] பெரியப்பா: எங்கள் கல்லூரியில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம். தேர்வுக்கு முந்தைய வாரம் இருபது தேற்றங்களை உருப்போடுவோம். யாருக்கு என்று எங்களை யாரும் கேட்டதில்லை.

[காலை 8:50] சரவணன்: அப்பா, நான் பெங்களூரிலிருந்து ஒரு வார்த்தை. பொறியியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இப்போது நிரல் எழுதும் வேலையில் பாதியை இயந்திரமே எழுதித் தருகிறது. அது எழுதியது சரியா என்று பார்ப்பதுதான் என் வேலை. பத்துச் சோதனை வைத்துப் பார்க்கிறேன், பத்தும் சரி. பதினோராவது வாடிக்கையாளர் கையில் போய் உடைகிறது. சோதனை வேறு, நிறுவல் வேறு என்பதை வேலைக்கு வந்து ஐந்து வருடம் கழித்துத்தான் உணர்ந்தேன்.

[காலை 8:52] மீனா அப்பா: நிறுவல் என்றால் என்ன தம்பி? பள்ளிக்கூடத்தில் ‘எனவே நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதுவோமே, அதுதானா?

[காலை 9:04] வள்ளி: சித்தப்பா, ஆச்சியின் கோலத்தை வைத்தே சொல்லட்டுமா? அத்தை, ஆச்சியிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். இன்றைய கோலம் ஒரே கம்பியா, அதாவது கையெடுக்காமல் ஒரே கோடாகப் போட்டு முடித்ததா?

[காலை 9:09] அத்தை: ஒரே கம்பிதானாம். எடுத்த இடத்தில் வந்து முடிந்தது என்கிறார். 5 புள்ளி 5 வரிசை வைத்தால் ஒரு கம்பியில் முடியாது, துண்டு துண்டாக நிற்கும் என்று அவரே சொல்கிறார்.

[காலை 9:10] வள்ளி: எத்தனை துண்டு?

[காலை 9:13] அத்தை: ஐந்து.

[காலை 9:24] வள்ளி: மிகவும் சரி. கவனியுங்கள் எல்லாரும். புள்ளிகள் பெட்டிபோல நேராக இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போக வேண்டும், ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்ப வேண்டும். இந்த வகைச் சிக்குக் கோலத்தில் எத்தனை கம்பி வரும் என்பதைப் போடாமலே சொல்லலாம். இரண்டு எண்களின் மீ.பொ.வ. எவ்வளவோ அத்தனை கம்பி. 5-க்கும் 7-க்கும் 1. 5-க்கும் 5-க்கும் 5. 4-க்கும் 6-க்கும் 2.

[காலை 9:26] மீனா: அக்கா, உண்மையாகவா? நான் பைத்தானில் எழுதிப் பார்க்கிறேன்.

[காலை 10:18] மீனா: பார்த்துவிட்டேன்! 1-லிருந்து 50 வரை எல்லா இணைகளும், மொத்தம் 2500 கோலம். ஒன்றுகூடத் தவறவில்லை.

[காலை 10:21] வள்ளி: அழகு. 51-க்கு 68 வைத்தால்?

[காலை 10:21] மீனா: 17 வரும்.

[காலை 10:22] வள்ளி: எப்படித் தெரியும்?

[காலை 10:29] மீனா: … மீ.பொ.வ. 17. ஆனால் கம்பி 17 என்று எனக்குத் தெரியாது. 2500-லும் சரியாக இருந்தது என்று மட்டும்தான் தெரியும்.

[காலை 10:30] வள்ளி: இந்தப் பதிலுக்குத்தான் அந்தப் படிப்பு.

[காலை 10:47] பெரியப்பா: வள்ளி, அது ஏன் அப்படி வருகிறது என்று சொல்லாமல் விடாதே. நான் காகிதத்தில் 3-க்கு 4 போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

[காலை 11:15] வள்ளி: சொல்கிறேன் பெரியப்பா. 5-க்கு 7 கோலத்தில் ஓரமாக 5-க்கு 5 சதுரம் ஒன்றை மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 5-க்கு 2. இரண்டுக்கும் நடுவில் ஓர் எல்லைக்கோடு. அந்தக் கோட்டைத் தாண்டிச் சதுரத்துக்குள் நுழைகிற கம்பி ஒன்றைப் பிடித்து விரலால் தொடர்ந்து போங்கள். அது சதுரத்தின் மற்ற மூன்று ஓரங்களிலும் ஒவ்வொரு முறை வளைந்து, நுழைந்த அதே இடத்துக்கே திரும்பி வந்து வெளியேறும். எந்தத் திசையில் வெளியேறும் என்றால், உள்ளே போகாமல் எல்லைக்கோட்டிலேயே வளைந்து திரும்பியிருந்தால் எந்தத் திசையில் போயிருக்குமோ, அதே திசையில். சதுரத்தில் உள்ள எல்லாக் கம்பியும் இப்படித்தான், உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது ஒன்றுமில்லை.

[காலை 11:18] வள்ளி: ஆகவே அந்தச் சதுரத்தை அழித்துவிட்டு, எல்லைக்கோட்டில் கம்பிகளை வளைத்து மூடிவிட்டாலும் கம்பிகளின் எண்ணிக்கை மாறாது. 5-க்கு 7-ம் 5-க்கு 2-ம் ஒரே கணக்கு. அதிலிருந்து 2-க்கு 2 அழித்தால் 3-க்கு 2. மறுபடி 2-க்கு 2 அழித்தால் 1-க்கு 2. அதிலிருந்து ஒன்றை அழித்தால் 1-க்கு 1. ஒரு புள்ளியைச் சுற்றி ஒரு சுழி. ஒரு கம்பி! 4-க்கு 6 என்றால் 4-க்கு 2, பிறகு 2-க்கு 2. சதுரம் மிஞ்சினால் பக்கத்துக்கு எத்தனை புள்ளியோ அத்தனை கம்பி. இரண்டு.

[காலை 11:20] வள்ளி: சித்தப்பா, நிறுவல் என்பது இதுதான்: எந்த இரண்டு எண்ணை வைத்தாலும் ஏன் தவறாது என்று காட்டுவது. இங்கே செய்தது பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போவது. 2300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் மீ.பொ.வ. காண எழுதிவைத்த வழியேதான் இது. இன்றும் கணினிகளில் ஓடுகிறது. நிரல் எழுத எனக்கு முதல் பருவத்தில் ஹாஸ்கெல் மொழியில் கற்றுத்தந்தார்கள், முதலில் எழுதியவற்றில் இதுவும் ஒன்று. ஒரு மணி நேரம் கணித வகுப்பு, அடுத்த மணி நேரம் கணினி வகுப்பு, இரண்டிலும் அதே யூக்ளிட். இரண்டு பாடத்தையும் சேர்த்து ஒரே பட்டமாக ஏன் வைத்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

[காலை 11:52] பெரியப்பா: விரலால் தொடர்ந்து பார்த்தேன். வருகிறது அம்மா. நுழைந்த இடத்துக்கே வருகிறது.

[காலை 11:53] பெரியப்பா: பள்ளிக்கூட நாளிலிருந்தே மீ.பொ.வ. தெரியும் எனக்கு. அது வாசலில் கிடக்கிறது என்று தெரியாது.

[மதியம் 12:10] வள்ளி: கோலத்தை நம் ஊர் ஆட்கள் ஆராய்ந்திருக்கிறார்கள் பெரியப்பா. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களுடன் கமலா கிருதிவாசன். 1974-ல் கோலத்தைப் பற்றி மூவரும் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். சொற்களை வரிசையாக அடுக்கி வாக்கியம் ஆக்க இலக்கண விதி இருக்கிறதல்லவா? கணினி மொழிகளுக்கும் அப்படி விதிகள் உண்டு. வரிசையாக இல்லாமல், கோலம்போல நீளமும் அகலமுமாகப் படரும் உருவங்களுக்கும் இலக்கணம் எழுதலாம் என்று காட்டினார்கள். கணினிக் கோட்பாடு படிக்கிறவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

[மதியம் 12:14] அத்தை: ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். ‘தாம்பரத்தில் யார் வீட்டு வாசலில் பார்த்தார்களாம்?’ என்று கேட்கிறார்.

[மதியம் 12:31] மீனா அம்மா: எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது வள்ளி. ஆனால் எனக்கு வேறு பயம். இவள் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கிப் பழகியவள். அங்கே போய்த் தோற்றுவிட்டால் தாங்குவாளா?

[மதியம் 12:45] வள்ளி: சித்தி, மறைக்காமல் சொல்கிறேன். தோற்பாள். என் முதல் இடைத்தேர்வில் நூற்றுக்கு 31. அம்மாவிடம் இரண்டு மாதம் சொல்லவில்லை. என்னோடு சேர்ந்த எல்லாரும் அவரவர் பள்ளியில் முதலாக வந்தவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் முதன்முறையாகத் தடுமாறிக்கொண்டிருந்தோம். வாரத்துக்கு ஐந்து கணக்கு தருவார்கள். ஒரு கணக்கோடு நான்கு நாள் உட்கார்ந்துவிட்டு, ஐந்தாம் நாள் வெறும் தாளைக் கொடுத்திருக்கிறேன். அந்த நான்கு நாளும் வீணில்லை என்று புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

[மதியம் 12:47] வள்ளி: அதனால் இந்தக் குழுவில் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். முதல் ஆண்டு அவள் தொலைபேசியில் பேசும்போது மதிப்பெண் எவ்வளவு என்று கேட்காதீர்கள். எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறாய் என்று கேளுங்கள். பதில் புரியாவிட்டாலும் கேளுங்கள். என்னிடம் அப்படிக் கேட்டது எங்கள் அப்பா மட்டும்தான். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

[மதியம் 12:50] மீனா அம்மா: நினைவிருக்கிறது. அத்தான் இருந்திருந்தால் இன்றைக்கு முதல் ஆளாக வாழ்த்தியிருப்பார்.

[மதியம் 1:05] மீனா அப்பா: வேலை? அதையும் சொல்லிவிடு வள்ளி.

[மதியம் 1:22] வள்ளி: என் வகுப்பில் சிலர் முனைவர் பட்டத்துக்குப் போனார்கள், சிலர் மென்பொருளுக்கு, சிலர் நிதி நிறுவனங்களுக்கு. நான் முதுநிலை முடித்துவிட்டுக் கோவையில் அல்காரிதம் பாடம் நடத்துகிறேன். வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. ஆனால் மூன்றாம் ஆண்டு முடிந்தவுடன் கைநிறையச் சம்பளம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பெரும்பாலோர் மேலே படித்தோம். அதற்கு வீடு பொறுத்துக்கொள்ள வேண்டும். கட்டணம், விடுதிச் செலவு பற்றி மாலையில் அழைக்கிறேன் சித்தப்பா, தனியாகப் பேசலாம்.

[மதியம் 1:30] சரவணன்: பொறியியலில் சேர்ந்தாலும் கணிதம் விடாது சித்தப்பா. ஓர் எண் பகா எண்தானா என்று கணினி விரைவாகவும் ஐயமில்லாமலும் சொல்ல வழி உண்டா என்பது வெகுகாலக் கேள்வி. 2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், அப்போதுதான் பி.டெக். முடித்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா, மூவரும் விடை கண்டார்கள். அவர்கள் இருந்தது கணினித் துறை. கண்டுபிடித்தது கணிதம்.

[மதியம் 1:34] மீனா: அப்பா, நான் ஒன்று சொல்லவா? கலந்தாய்வில் எனக்கு நல்ல இடம் கிடைக்கும் என்று தெரியும். ஆனால் 51-க்கு 68 என்று அக்கா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லையே, அதிலிருந்து சாப்பிடவும் தோன்றவில்லை. அந்தச் சதுரம் அழிக்கிற வழியை நான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று ஆத்திரமாக இருக்கிறது. எனக்கு இதுதான் வேண்டும்.

[மதியம் 2:10] பெரியப்பா: தம்பி, பிள்ளை போகட்டும். காலையில் நான் சொன்னது என் அலைச்சலை நினைத்துச் சொன்னது. அவள் போகிற வழி அது இல்லை என்று தெரிகிறது. செலவுக்குக் குறைந்தால் என்னிடம் கேட்கத் தயங்கக் கூடாது.

[மதியம் 2:16] மீனா அப்பா: சரி அண்ணாச்சி. நாளைக் காலை சேர்வதாகப் பதில் எழுதிவிடுகிறோம்.

[மாலை 5:48] அத்தை: (படம்) ஆச்சி மதியம் தூங்கவில்லை. முற்றத்தில் 6 புள்ளி 9 வரிசை வைத்து மூன்று வண்ணப் பொடியில் போட்டிருக்கிறார். மூன்று கம்பிதான் வந்தது.

[மாலை 5:50] மீனா: ஆச்சி!!

[மாலை 5:57] அத்தை: ஆச்சி உன்னிடம் கேட்கச் சொல்கிறார் மீனா. நேர்ப்புள்ளிக்குக் கணக்குச் சொல்லிவிட்டீர்கள். மார்கழியில் ஊடுபுள்ளி வைத்துப் போடுகிறாரே, அதற்கு என்ன கணக்காம்?

[மாலை 6:03] மீனா: தெரியவில்லை ஆச்சி. அக்கா, நீங்கள் சொல்லாதீர்கள். இரவு நான் போட்டுப் பார்க்கிறேன்.