நூல் அறுந்தால் யார் குற்றம்? ஆரம்பகால நூற்பாலைகள் பற்றி ஒரு கேள்வி

கேள்வி (அட்டன், ஆசிரியர்)

அனைவருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பில் கைத்தொழில் புரட்சியைக் கற்பித்து வருகிறேன். 1771இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டில் நீர்விசையால் இயங்கும் நூற்பாலையை நிறுவினார் என்பதோடு பாடம் அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறது. ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, "மெஷின் நின்றுபோன நாளுக்கும் அங்கே அரைப் பேர்தானா, சேர்?" என்று கேட்டாள். அரைப் பேர் என்றால் தோட்டத்தில் அரைநாள் சம்பளம். உற்பத்தி குறைந்தபோது அது தொழிலாளியின் தவறா, பராமரிப்பின் தவறா என்று அக்காலத்தில் பிரித்துப் பார்த்தார்களா?

பதில் (நானுஓயா, ஓய்வுபெற்ற ஃபிட்டர்)

நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவன். எங்கள் முன்னோர் இயந்திரத்தை ரோதை என்பார்கள், அதன் காவல் தெய்வமான ரோதைமுனிக்குப் பூசையும் வைப்பார்கள். அந்த அனுபவத்தைக் கொண்டே சொல்கிறேன். ஆர்க்ரைட்டின் இயந்திரத்தில் ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழலும் உருளைச் சோடிகளுக்கிடையே பஞ்சு இழுபட்டு மெலிகிறது. மேல் உருளைக்குத் தோல் போர்த்தி, பாரம் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தத் தோல் தேய்ந்தால் பிடி தளரும், நூல் ஓரிடத்தில் தடித்து இன்னோரிடத்தில் மெலிந்து அறும். அறுந்ததை முடிந்துகொண்டே நிற்கும் பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அவள் மந்தமானவளாகவே தெரிவாள். எண்ணெய் வற்றிய பெயரிங், தளர்ந்த பெல்ட் ஆகியவற்றின் விளைவும் இவ்வாறே தொழிலாளியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

பதில் (கண்டி, வரலாற்று மாணவி)

ஃபிட்டர் ஐயா சொன்னதோடு கூலி முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிற்காலத்து மியூல் எனும் நூற்பு இயந்திரங்களில் நூற்பவருக்கு நூற்ற அளவுக்கே கூலி என்பதால், துடைப்பதற்காக இயந்திரத்தை நிறுத்தினால் நட்டம் அவருக்கே. ஆகவே ஓடும் இயந்திரத்தின் அடியில் சிறுவர்கள் ஊர்ந்து பஞ்சுத் துகளைப் பொறுக்கினார்கள். கைகள் நசுங்கின, உயிர்களும் போயின. ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு வேலி இட வேண்டும், ஓடும் விசைச் சக்கரங்களைப் பிள்ளைகள் துடைக்கக் கூடாது என்று பிரித்தானியச் சட்டம் சொன்னது 1844இல்தான்.

ஸ்கொட்லாந்தின் நியூ லனார்க் நூற்பாலையை 1800 முதல் நடத்திய ரொபர்ட் ஓவன் இதில் இரு வேறு முகங்களைக் காட்டுகிறார். ஒவ்வொரு தொழிலாளிக்கு அருகிலும் கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை ஆகிய நிறங்கள் பூசிய சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்டு, முந்தைய நாள் நடத்தையை அதில் காட்டச் செய்தார். அந்தக் கட்டை ஆளை அளந்ததே தவிர, அவர் கையிலிருந்த இயந்திரத்தை அளக்கவில்லை என்பதே என் குறை. ஆனால் அமெரிக்கா விதித்த ஏற்றுமதித் தடையால் பருத்தி விலை ஏறி ஆலை நான்கு மாதங்கள் நின்றபோது, எவரையும் நீக்காமல் முழுச் சம்பளம் கொடுத்து, இயந்திரங்களைத் துடைத்துச் சீராக வைத்திருக்கும் வேலையை மட்டும் ஒப்படைத்தவரும் அவரே. அதற்கு 7,000 பவுணுக்கு மேல் செலவாயிற்று.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த நான்கு மாதங்களிலிருந்தே நாளைய பாடத்தைத் தொடங்குகிறேன். ஐயா, உங்கள் காலத்தில் இயந்திரம் நின்ற நேரத்தை யாராவது பதிவு செய்தார்களா?

நானுஓயா

பேரேட்டில் கொழுந்தின் நிறையும் தேயிலையின் நிறையும் மட்டுமே இருந்தன. நின்ற நேரத்தை நான் ஒரு சிறு கொப்பியில் எழுதி வந்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது, பிள்ளைகள் வந்தால் காட்டுகிறேன்.