2^67 − 1 ஒற்றை எண்தானே, நிரல் ஏன் 2-ஆல் வகுபடும் என்கிறது?

கேள்வி:
வணக்கம். 2^67 − 1-இன் பகாக் காரணிகளைத் தேட பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். மேத் மாட்யூலின் பவ் மூலம் 2^67-ஐ எடுத்து, 1 கழித்து, இன்ட்டாக மாற்றி, 2-இலிருந்து வரிசையாக வகுக்கிறேன். விடையில் 2, 2, 2 என்று 67 தடவை வருகிறது! லூப் சரிதான், 2^11 − 1 கொடுத்தால் 23, 89 என்று ஒழுங்காகத் தருகிறது.

பதில் 1:
பவ் தருவது ஃப்ளோட், அதாவது தசமப் புள்ளி எண் வகை. அதில் 53 பிட் துல்லியம்தான். 2^67 துல்லியமாக அடங்கிவிடும். ஆனால் அதற்குக் கீழே அடுத்த ஃப்ளோட் 16384 தள்ளி இருக்கிறது. அதனால் 1 கழித்தாலும் மறுபடி 2^67-தான் நிற்கும். அச்சிட்டுப் பாருங்கள், 928 என்று முடியும். உங்களுக்கு வேண்டியது 147573952589676412927. நேரடியாக 2**67 - 1 என்று எழுதிவிடுங்கள், பைத்தானின் முழு எண்ணுக்கு இந்த வரம்பு கிடையாது. எக்செல்லில் போட்டுச் சரிபார்க்க வேண்டாம், அது 15 இலக்கத்துக்கு மேல் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, இப்போது 927 வருகிறது. ஆனால் லூப் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒருவேளை பகா எண்தானோ? எந்த n-களுக்கு 2^n − 1 பகா எண் என்று பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-இல் தந்த பட்டியலில் 67 இருக்கிறதே.

பதில் 2:
அந்தப் பட்டியலில் 67 தவறு. 2^67 − 1 பகா எண் இல்லை என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகாஸ் 1876-லேயே காட்டிவிட்டார், அதுவும் ஒரு காரணிகூடத் தெரியாமல்! காரணிகளை 1903-இல் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அறிவித்தவர் ஃபிராங்க் நெல்சன் கோல். கையால் போட்ட கணக்கு அது. எனக்கு இன்னமும் பிரமிப்பு அடங்கவில்லை.

சின்னக் காரணியே 193707721. ஒற்றை எண்களாகத் தேடினாலும் 9.6 கோடிக்கு மேல் வகுக்க வேண்டும். அத்தனை தேவையில்லை. q ஒரு பகாக் காரணி என்றால், q-ஆல் வகுத்து 2^67-க்கு மீதி 1. 67 பகா எண் என்பதால் அதற்குக் குறைந்த அடுக்கு எதற்கும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2^(q − 1)-க்கும் மீதி 1. ஆக 67, q − 1-ஐ வகுக்கும். q ஒற்றை எண், அதனால் 134-உம் வகுக்கும். 134k + 1 என்ற எண்களை மட்டும் பார்த்தால் போதும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வராதவற்றையும் தள்ளிவிடலாம், பாதி குறையும்.

கேட்டவர்:
வந்துவிட்டது! k = 1445580-இல் நின்றது. இன்னொரு காரணி 761838257287, அதிலும் 1-ஐக் கழித்தால் 134-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. ஏழே கால் லட்சத்துக்கும் குறைவான வகுத்தல்தான்.

பதில் 1:
அருமை. ஈவு எடுக்கும் இடத்தில் / போட்டிருந்தால் // ஆக்கிவிடுங்கள். ஒற்றைக் கோடு மறுபடி ஃப்ளோட்டைத்தான் தரும். ஈவு 2^53-ஐத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் போய்விடும்.