78 வேகம் ஓடும் இசைத்தட்டு பிளேயர் ஒரு நாள் இரவல் கிடைக்குமா?

வணக்கம். தாத்தா பாட்டிகள் சின்ன வயதில் கேட்ட பாட்டுகளை மறுபடி போட்டுக் காட்டி, அப்போது அவர்கள் சொல்லும் நினைவுகளைப் பதிவு செய்கிறோம். சிங்கப்பூர் தேக்கா பக்கம் யாரிடமாவது 78 வேகம் (நிமிடத்துக்கு 78 சுற்று) ஓடும் பிளேயர் இருக்கிறதா?

வேகம் இருந்தால் மட்டும் போதாது, ஊசியையும் பாருங்கள். பின்னாளில் வந்த எல்பி தட்டுக்கான ஊசியின் முனை சுமார் 1 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78 தட்டுக்கு 3 மில் வேண்டும். சன்ன ஊசி பள்ளத்தின் அடியில் உரசி, பாட்டை இரைச்சலில் முக்கிவிடும். சாவி கொடுக்கும் கிராமபோன் வேண்டாம். அதன் கனமும் எஃகு ஊசியும் பழைய தட்டைத் தேய்த்துவிடும், போனால் வராது.

தட்டு தருபவர்களுக்கு: நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கும். ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் தொடவே கூடாது, தட்டின் அரக்கு கரைந்துபோகும். காய்ச்சி வடித்த நீரில் மெல்லிய துணியை நனைத்து, பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். நடுவில் உள்ள லேபிள் நனையக் கூடாது. படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்திக் கொண்டுவாருங்கள்.

1949இல் தொடங்கிய ரீடிஃப்யூஷனின் பெட்டி இருந்தாலும் தாருங்கள். கம்பிவழி வந்த ஒலிபரப்பு என்பதால் இப்போது பாடாது. ஆனாலும் கண்ணெதிரே இருந்தால் பெரியவர்கள் தானாகப் பேசத் தொடங்குவார்கள்.

வால்வு ரேடியோவை மட்டும் சோதித்துப் பார்க்கிறேன் என்று பிளக்கில் செருகாதீர்கள். பழைய பேப்பர் கெப்பாசிட்டர் கசிந்து வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். அதை மாற்றத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள்.