வாழைப்பழத் தோலைத் திலாப்பியாத் தீனியில் கலக்கலாமா?

நீர்வேலித்தம்பி:
வளவில் இரண்டு சீமெந்துத் தொட்டி கட்டித் திலாப்பியா மீன் வளர்க்கிறோம். கடைத்தீனி விலை கட்டுப்படியாகவில்லை. மாமாவின் பழரசக் கடையில் வாழைப்பழத் தோல், மாம்பழத் தோல், பப்பாசி விதை எல்லாம் வாளி வாளியாகக் குப்பைக்குப் போகிறது. அதைக் காயவைத்து அரைத்துத் தீனியோடு பாதிக்குப் பாதி கலக்கலாமா? செய்தவர்கள் சொல்லுங்கோ.

தொட்டிமீன்:
பாதி வேண்டாம் தம்பி. வளரும் திலாப்பியாவுக்கு 28-30 வீதம் புரதம் வேணும், காய்ந்த வாழைத்தோலில் 7 வீதம் அளவில்தான் இருக்கும், மிச்சம் மாச்சத்தும் நாரும். 30 வீதத் தீனியில் ஐந்தில் ஒரு பங்கு தோல்மா கலந்தாலே 25 சொச்சத்துக்கு இறங்கிவிடும், பாதி என்றால் 18 சொச்சம். மீன் சாகாது, ஆனால் பருக்காது. அதனால் தவிடு, கருவாட்டுத் தூள், சோயா கலந்து வீட்டிலேயே தீனி செய்து, அதில் தவிடு போடுகிற இடத்தில் கொஞ்சம் தோலைப் போடுங்கோ, கருவாட்டுத் தூளிலும் சோயாவிலும் கைவைக்க வேண்டாம். நன்றாகப் பழுத்த தோலாக எடுங்கோ, காய்த்தோலில் கயர் கூட, அது புரதத்தைச் செரிக்க விடாது.

கோப்பாய்_அக்கா:
தோலைச் சின்னதாக வெட்டி, கறுத்து நொறுங்கும்வரை வெயிலில் போட வேணும். மாரியில் இந்த வேலையே வேண்டாம். பூஞ்சணம் பிடித்தால் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு வரும், மீனின் ஈரலைக் கெடுக்கும், அவித்தாலும் சரியாகப் போகாது. நாங்கள் கோதுமை மாவைக் களியாகக் கிண்டி, மற்றதெல்லாம் பிசைந்து, இடியப்ப உரலில் பிழிந்து ஓலைப்பாயில் காயவிடுவோம். காய்ந்த கயிறு ஒடித்தால் டக்கென்று முறிய வேணும். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கோ, உடனே கரைந்து கலங்கினால் களி காணாது. கலங்கிய தண்ணீரில் ஒட்சிசன் குறைந்து, விடியப்புறம் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும்.

வலைக்காரன்:
பப்பாசி விதையைத் தனியாக எடுத்துவிடுங்கோ. திலாப்பியா குஞ்சு பொரிப்பதைக் கட்டுப்படுத்த அதைத் தீனியில் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. குஞ்சுக்காகத் தாய்மீன் வைத்திருக்கிறவர்கள் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது.

நீர்வேலித்தம்பி:
சரி, தவிட்டில் பாதியை மட்டும் மாற்றி ஒரு தொட்டியில் போடுகிறேன், மற்றதற்குப் பழைய தீனிதான். அப்புறம், தொட்டித் தண்ணீரைக் கிணற்றடியில்தான் திறந்து விடுகிறோம், பரவாயில்லையா?

தொட்டிமீன்:
ஐயோ, வேண்டாம். எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது நேரே கிணற்றுக்குத்தான் இறங்கும், ஏற்கெனவே யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று என்ற உப்பு கூடிப் பிரச்சினை. வாழைக்கு இறையுங்கோ, பசளைக் காசும் மிச்சம்.