டிவிக்கு முன்னாடி ரேடியோல நியூஸ் மேகசின்னு ஒண்ணு இருந்துச்சாமே?

கேள்வி: 1950 வாக்குல அமெரிக்க ரேடியோல சும்மா செய்தி வாசிக்காம வாரப் பத்திரிகை மாதிரி ப்ரோக்ராம் பண்ணாங்களாமே, அதுல என்னதான் போட்டாங்க?

பதில் 1: சிபிஎஸ்ங்கிற அமெரிக்க ரேடியோ நெட்வொர்க்ல வந்த ‘ஹியர் இட் நவ்’ தேடிப் பாருங்க பாஸ். 1950 டிசம்பர்ல ஆரம்பிச்சது, வாரம் ஒரு மணி நேரம், பிரபல செய்தியாளர் எட்வர்ட் மர்ரோ பேசுவாரு, ஃப்ரெட் ஃப்ரெண்ட்லி தயாரிப்பு. அப்ப கொரியா சண்டை நடந்துட்டு இருந்துச்சு, அங்க இருக்குற சிப்பாய்ங்க குரலையே டேப்புல பிடிச்சு போட்டாங்க. டேப்பு வந்ததுதாங்க மேட்டரே, பிளேடால வெட்டி ஒட்டி எடிட் பண்ணிக்கலாம், டிஸ்க்ல ரெக்கார்ட் பண்ண காலத்துல அது பெரும்பாடு, அதோட பெரிய நெட்வொர்க்குங்க ரொம்ப காலம் ரெக்கார்டிங் போடவே யோசிச்சாங்க.

பதில் 2: ஆனா ஒரு வருஷம்கூட ஓடலயே. 1951 நவம்பர்லயே அதே டீம் டிவிக்குத் தாவி ‘சீ இட் நவ்’ ஆரம்பிச்சுட்டாங்க. முதல் ஷோலயே நியூயார்க்கையும் சான் ஃபிரான்சிஸ்கோவையும் ஒரே நேரத்துல லைவ்ல காட்டி அசத்திட்டாங்க.

பதில் 3: இன்னொரு நெட்வொர்க்கான என்பிசியோட ரேடியோ ஷோ ‘மானிட்டர்’ஐ விட்டுட்டீங்களே! 1955 ஜூன்ல வந்தது, வீக்எண்ட் ஃபுல்லா நியூஸ், பேட்டி, ஸ்போர்ட்ஸ், காமெடின்னு கதம்பம், 1975 வரைக்கும் தாக்குப்பிடிச்சுது. மர்ரோ அளவுக்கு கனம் கிடையாது, ஆனா கார்ல போறப்ப கேக்க அதுதான் செட் ஆகும்.